பனி பிடிக்காத கம்பி

பேய், ஆவி என்று எதையும் நான் நம்பினவன் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கோவில் கல்லறைத் தோட்டத்துக்குக் கம்பி வேலி போட்டபோது மூன்று வாரம் அங்கேயே தகரக் கொட்டகை போட்டுப் படுத்திருந்தேன். காட்டெருமை வந்தது. முள்ளம்பன்றி வந்தது. ஒருநாள் ஒரு கரடி வந்து என் சோற்றுத் தூக்கை உருட்டிவிட்டுப் போனது. வேறு யாரும் வரவில்லை.

என் பெயர் அந்தோணி. ஊர் மலைமேல் பிக்கட்டி. தொழில் வெல்டிங். படிப்பு ஐந்தாவது. இரும்பு சூடானால் அதற்குக் காரணம் இருக்கும். நெருப்பு, கரண்ட், வெயில், உரசல். இந்த நாலில் ஒன்றுதான். முப்பத்தைந்து வருஷமாக இரும்போடு இருக்கிறேன், ஐந்தாவதாக ஒரு காரணத்தை நான் பார்த்ததில்லை. போன வருஷம் ஜனவரி வரைக்கும்.

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. ரெஜினா எழுதச் சொன்னாள், எழுதுகிறேன். ரெஜினா என் மனைவி.

எமரால்டு ஊரைத் தாண்டி ஒரு டீ பாக்டரி இருந்தது. இப்போது கட்டடம் மட்டும் நிற்கிறது. மூடிப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. வெள்ளைக்காரன் காலத்துப் பாக்டரி. அதன் கேட்டும், ரோட்டை ஒட்டிய கிராதியும் கப்பலில் வந்தவை என்று சொல்வார்கள். கேட்டின் இரண்டு கதவிலும் கொடி ஓடும். கொடியில் இரண்டு இலை ஒரு மொட்டு, இரண்டு இலை ஒரு மொட்டு என்று அடியிலிருந்து உச்சி வரைக்கும் இரும்பிலேயே வார்த்திருப்பார்கள். இலையின் நரம்புகூடத் தெரியும். கிராதி நூறு அடிக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு கம்பியும் சதுரக் கம்பி, நடுவில் ஒரு முறுக்கு, தலையில் மூடிய மொட்டு. ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் கம்பிக்குப் பச்சை, இலைக்கு வெள்ளி என்று பெயிண்ட் அடிப்போம். அடிப்போம் என்கிறேன், ஏனென்றால் நானும் அங்கேதான் வேலை பார்த்தேன். மெஷின் பழுது பார்க்கிற பிட்டருக்குக் கீழே இரண்டாவது ஆள். ரெஜினா சார்ட்டிங் ரூமில் தூள் சலித்துத் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தாள்.

எங்களுக்கு ஒரு பெண் பிள்ளை. ஸ்டெல்லா. ஒன்றாவது படித்தாள்.

எஸ்டேட் ஸ்கூல் மூன்றரைக்கு விடும். பாக்டரிச் சங்கு நாலரைக்கு ஊதும். நடுவில் ஒரு மணி நேரம் பிள்ளைகள் எல்லாம் ரோட்டோரம் கிராதியைப் பிடித்துக்கொண்டு அம்மாக்களுக்காக நிற்கும். உள்ளே விடமாட்டார்கள், மெஷின் ஓடுகிற இடம். எங்கள் பக்கத்துக் குளிர் தெரியும்தானே. மூன்றரைக்கே மஞ்சு இறங்கி, எதிரே இருப்பது தெரியாமல் மூடிவிடும். பிள்ளைகளின் உதடு நீலமாகிவிடும். சில அம்மாக்கள் டீ குடிக்கிற நேரத்தில் வந்து கம்பி வழியாகத் தம்ளரை நீட்டுவார்கள்.

அந்தக் கிராதியில் ஒரு இடத்தில் ஒரு கம்பி இல்லை. எப்போதோ முறிந்து போனது. அந்தச் சந்தில் பெரியவர்கள் நுழைய முடியாது. ஸ்டெல்லா நுழைவாள். தலையைச் சாய்த்து, பையை முதலில் உள்ளே போட்டு, பிறகு தோளை ஒடுக்கி நுழைந்து, நேரே டிரையர் அடுப்புப் பக்கம் ஓடி, அந்தச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துகொள்வாள். கொழுந்து காயவைக்கிற அடுப்பு அது, பகலெல்லாம் எரியும். சுவர் வெதுவெதுப்பாக இருக்கும். அங்கிருந்து மெள்ள நகர்ந்து சார்ட்டிங் ரூம் கதவு வரைக்கும் வந்து அம்மாவைப் பார்த்துச் சிரிப்பாள். இது எல்லாருக்கும் தெரியும். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் டீ மேக்கர் என்னைக் கூப்பிட்டார். பாக்டரிக்குள் எல்லாவற்றுக்கும் அவர்தான் பெரியவர். அன்று பிட்டர் லீவு.

"அந்தோணி, ரோட்டுப் பக்கம் அந்தச் சந்தை அடைச்சுடு. கம்ப்ளெயிண்ட் வந்திருக்கு."

யார் கம்ப்ளெயிண்ட் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஸ்டோரில் ஒரு உருட்டுக் கம்பி கிடந்தது, அளந்து வெட்டி வைத்து வெல்டு செய்தேன். பழைய கம்பி மாதிரி முறுக்கு கிடையாது, மொட்டு கிடையாது, மொட்டைக் கம்பி. ஆனால் வெல்டு நன்றாக வந்தது. அதுவரைக்கும் நான் போட்டதிலேயே அதுதான் நல்ல வெல்டு. ஆறின பிறகு இரண்டு தடவை தடவிப் பார்த்தேன்.

வீட்டில் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்றெல்லாம் இல்லை. பாக்டரியில் அன்றாடம் பத்து வேலை செய்வேன், எதை வீட்டில் சொன்னேன் இதைச் சொல்ல.

திங்கட்கிழமை மூன்றரைக்கு ஸ்டெல்லா வந்திருக்கிறாள். சந்து இல்லை. கிராதி ஓரமாகவே நடந்து மெயின் கேட்டுக்குப் போயிருக்கிறாள். கொழுந்து லாரி பின்னால் எடுத்துக்கொண்டு கேட்டுக்குள் வந்திருக்கிறது. நல்ல மஞ்சு. டிரைவர் மேல் தப்பில்லை. நானே ஸ்டேஷனில் அப்படித்தான் சொன்னேன்.

அவளுடைய துணிப்பை மட்டும் அந்தக் கம்பிக்கு உள்பக்கம் கிடந்தது. பழக்கத்தில் முதலில் பையைப் போட்டிருக்கிறாள்.

அந்தப் பையை முதலில் பார்த்தவன் நான். எடுத்துக்கொண்டுபோய் மற்ற சாமானோடு வைத்துவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை.

அந்த வாரமே வேலையை விட்டுவிட்டேன். ரெஜினாவும் விட்டாள். இரண்டு பேரும் பிக்கட்டிக்கு வந்துவிட்டோம். நான் சொந்தமாக ஒரு வெல்டிங் கடை போட்டேன். அவள் கேரட் கழுவுகிற வேலைக்குப் போனாள். வேறு பிள்ளை பிறக்கவில்லை. சந்தை அடைத்தது யார் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷம். ஒரே தட்டில் சாப்பிட்ட வீடு அது, இது ஒன்றை மட்டும் நான் தனியாக வைத்துக்கொண்டேன். பஸ் அந்தப் பாக்டரியைத் தாண்டும்போது அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். நான் இந்தப் பக்கம்.

போன வருஷம் ஜனவரியில் செல்வராஜ் வந்தான். மேட்டுப்பாளையத்துக்காரன், பழைய கட்டடம் இடிக்கிற காண்ட்ராக்டர்.

"ஏனுங்க அந்தோணியண்ணா, பாக்டரி கைமாறிடுச்சுங்க. பெர்ன்ஹில்லுல ஒரு பழைய பங்களாவை ரிசார்ட்டா மாத்துறாங்க. கேட்டும் கிரில்லும் அங்க போவுதுங்க. முழுசா வேணுமாம். ஒரு எலை உடைஞ்சாக்கூட எடுத்துக்க மாட்டாங்களாம்."

"வேற ஆளப் பாரு."

"பாத்தேனுங்க. ஒரு பையன் சுத்தியல எடுத்துட்டு வந்தான். அவனை அப்பிடியே பஸ் ஏத்திவுட்டுட்டு உங்ககிட்ட வந்திருக்கறன்."

வார்ப்பு இரும்பு சுத்தியலுக்குத் தாங்காது, கண்ணாடி மாதிரி சிதறும். அது சரிதான். ஆனால் நான் ஒத்துக்கொண்டதற்கு அது காரணம் இல்லை. அது அந்த இடத்தை விட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். போனால் பஸ்ஸில் முகத்தைத் திருப்ப வேண்டியதில்லை. ரெஜினாவிடம் எமரால்டு பக்கம் வேலை என்று மட்டும் சொன்னேன்.

துணைக்கு போஜன் வந்தான். பக்கத்து ஹட்டி, அதாவது பக்கத்து ஊர்க்காரன், நாற்பது வயது இருக்கும், வாய் ஓயாது. நான் பேசாததையும் சேர்த்து அவனே பேசிவிடுவான்.

முதல் நாள் காலை ஏழு மணிக்குப் போனோம். நல்ல உறைபனி. புல், ரோடு, கிராதி எல்லாம் வெள்ளை. அந்த இலைகளின் மேல் பனி பிடித்து, ஆயுத பூஜைக்கு வெள்ளி அடித்த மாதிரியே இருந்தது. நான் அந்தக் கம்பி பக்கம் போகவில்லை. கேட்டில் வேலையைத் தொடங்கினேன். அந்தக் காலத்தில் கல்லில் குழி வெட்டி, கம்பியை இறக்கி, ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியிருக்கிறார்கள். ஈயத்தைச் சூடு காட்டி இளக்கினால் கம்பி முழுசாக வரும். பொறுமை வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

போஜன் கிராதி ஓரமாக நடந்துபோனவன் கூப்பிட்டான்.

"அண்ணா, இங்க ஒரு கம்பிக்கு மட்டும் பனி புடிக்கல."

"எந்தக் கம்பி?"

"மொட்டைக் கம்பி ஒண்ணு இருக்குல்ல, பூவும் இல்லாம பிஞ்சும் இல்லாம. உங்கள மாதிரி." சிரித்தான். "நடுவுல ஒரு சாண் மட்டும் காஞ்சு கெடக்கு. நாய் காலைத் தூக்கியிருக்கும்."

நான் போய்ப் பார்த்தேன். என் இடுப்புக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குப் பனி இல்லை. மேலே பனி, கீழே பனி, பக்கத்துக் கம்பிகளில் எல்லாம் பனி. நாய் என்று நானும் நினைத்துக்கொண்டேன். வெயில் வந்தது, பனி உருகியது, மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று சொல்வது பொய். அன்று முழுக்க கேட்டுப் பக்கமே நின்று வேலை பார்த்தேன்.

இரண்டாம் நாள் காலையில் நான் போஜனுக்கு முன்னால் போய்விட்டேன். முந்தின நாளைவிடப் பனி அதிகம். ரோட்டில் என் காலடியைத் தவிர வேறு தடம் இல்லை. நாயும் இல்லை, நரியும் இல்லை. அந்தக் கம்பியில் அதே இடம் காய்ந்திருந்தது.

குனிந்து பார்த்தேன். ரோட்டுப் பக்கம் பனி இல்லாத இடம் அகலமாக இருந்தது, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பட்டை. உள்பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கே அகலம் இல்லை. மெல்லிய கோடு கோடாகப் பனி விட்டிருந்தது. நாலு கோடு, கொஞ்சம் இடம், மறுபடி நாலு கோடு. கம்பியை வெளியே நின்று பிடித்தால் உள்ளங்கை வெளிப்பக்கம் படியும், விரல் உள்பக்கம் சுற்றும். நீங்களே ஒரு கம்பியைப் பிடித்துப் பாருங்கள், தெரியும். என் விரல் ஒன்று அந்தக் கோட்டில் இரண்டை மூடியது.

தொட்டேன்.

சூடு. சுடுகிற சூடு இல்லை. கம்பியைப் பிடித்திருந்த ஒருவர் இப்போதுதான் கையை எடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி. நான் கையை எடுத்துவிட்டு மறுபடி தொட்டேன். பிறகு மேலே தொட்டேன், ஐஸ். கீழே தொட்டேன், ஐஸ். கரண்ட் இருக்குமோ என்று டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். பாக்டரி மூடினதிலிருந்து அந்த வளாகத்தில் கரண்டே கிடையாது. எனக்கும் தெரியும். இருந்தும் வைத்துப் பார்த்தேன்.

போஜன் வந்தான். அவன் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். அவன் சிரித்துக்கொண்டே வந்தவன், சிரிப்பு நின்றுவிட்டது. தலையில் இருந்த குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"என்னண்ணா இது?"

"தெரியல."

"இதை நீங்களே எடுங்க. நான் தொடமாட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "நாயின்னு சொன்னது தப்பு" என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

அன்று மத்தியானம் ரிசார்ட்டில் இருந்து ஒரு பெண் என்ஜினியர் வந்தாள். நல்ல பெண், எல்லாவற்றையும் போட்டோ எடுத்தாள், இலைகளைத் தடவித் தடவிப் பார்த்தாள். அந்தக் கம்பிக்கு வந்ததும் நின்றாள்.

"இது ஒரிஜினல் இல்லையே. யாரு சார் இதைப் போய் இங்க வெச்சது? மொத்தத்தையும் கெடுக்குது. இதை மட்டும் கட் பண்ணிப் போட்டுடுங்க. நாங்க அதே டிசைன்ல புதுசு செஞ்சுக்கறோம்."

"சரிங்க" என்றேன்.

மூன்றாம் நாள். கேட்டு இறங்கிவிட்டது. கிராதியும் பாதிக்கு மேல் பகுதி பகுதியாக லாரி ஏறிவிட்டது. அந்தப் பகுதியைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். மொட்டைக் கம்பியை முதலில் எடுக்க வேண்டும், பிறகுதான் மற்றதைத் தூக்க முடியும். மூன்று மணிக்கு கேஸ் கட்டரைப் பற்றவைத்துக் கொண்டுபோனேன். போஜனைச் சாமானை அடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

மஞ்சு இறங்கியிருந்தது. நாலு கம்பிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

தீயைச் சரி செய்தேன். நீலமாக வந்தது. கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன், கை போகவில்லை. பயம் என்று நினைக்காதீர்கள். அந்தக் கம்பியில் ஒரு தடவை நெருப்பு வைத்தவன் நான். அவள் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மறுபடி எப்படி வைப்பது? கட்டரை அணைத்தேன். ரம்பத்தை எடுத்து, என் பழைய வெல்டுக்குக் கொஞ்சம் கீழே, மேல் முனையில் அறுக்கத் தொடங்கினேன். கேஸில் ஒரு நிமிஷ வேலை. ரம்பத்தில் நேரம் ஆனது. நல்ல வெல்டு போட்டிருக்கிறேன் என்று சொன்னேனே, கம்பி அசையவே இல்லை.

மேல் முனை அறுந்தது. கீழ் முனைக்கு வந்தேன். முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அறுத்தேன். பிடித்த கை தானாகவே அந்த இடத்துக்குப் போய்விட்டது. வெதுவெதுப்பு இருந்தது. மணி பார்த்தேன், மூன்றரை.

வெதுவெதுப்பு அதிகமானது. ரம்பம் உரசிய சூடு என்று சொல்வீர்கள். ரம்பம் அடியில் ஓடுகிறது, அடியில் தொட்டால் அவ்வளவு சூடு இல்லை. என் கை இருந்த இடத்தில்தான் சூடு. இறுக்கிப் பிடித்த மாதிரி. ஒரு சத்தமும் இல்லை. எதுவும் தெரியவும் இல்லை. வெள்ளையாக ஒன்று நின்றது, கொலுசு கேட்டது என்றெல்லாம் எழுதினால் நீங்கள் ரசித்துப் படிப்பீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. மஞ்சு, கம்பி, என் கை. அவ்வளவுதான்.

நான் ரம்பத்தை நிறுத்தினேன்.

"இரு கண்ணு. இன்னும் கொஞ்சம்தான்" என்றேன்.

இருபத்தாறு வருஷத்தில் அவளிடம் நான் பேசினது அன்றுதான். கல்லறையில்கூடப் பேசினதில்லை. மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்துவிடுவேன்.

மறுபடி அறுத்தேன். கம்பி என் கையோடு வந்துவிட்டது. சந்து திறந்தது. பழைய சந்து, அதே அகலம்.

"உள்ள வா" என்றேன்.

சூடு போய்விட்டது. மெள்ளப் போகவில்லை, சட்டென்று போனது. என் கையில் இருந்தது ஒரு குளிர்ந்த கம்பி. மூன்றரை அடி உருட்டுக் கம்பி, எங்கள் கடையில் மூலைக்கு மூலை கிடப்பது மாதிரி.

செல்வராஜ் வேனில் என்னை வீட்டில் விட்டான். கம்பியைச் சாக்கில் சுற்றிக் காலடியில் வைத்திருந்தேன். "பழைய இரும்புக்குப் போடறதுங்களா?" என்று கேட்டான். இல்லை என்றேன். மேலே கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகும்போது ஆறு மணி இருக்கும். ரெஜினா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். நான் சாக்கைப் பிரித்துக் கம்பியைத் தரையில் வைத்தேன்.

"என்னங்க இது?"

"பாக்டரிக் கம்பி. ரோட்டுப் பக்கம் சந்து இருந்துச்சே, அங்க இருந்தது."

அவள் கை நின்றது.

"அதை அடைச்சது நான்தான் புள்ள. சனிக்கிழமை. பிட்டர் லீவு. டீ மேக்கர் சொன்னாரு, நான் அடைச்சேன். உங்கிட்ட சொல்லல. அப்பறமும் சொல்லல."

இவ்வளவுதான் சொன்னேன். எத்தனையோ வருஷம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தபோது நீளமாக இருந்தது. சொல்லும்போது இவ்வளவுதான் வந்தது.

அவள் அழவில்லை. என்னை ஏசுவாள் என்று நினைத்தேன், ஏசவும் இல்லை. பீன்ஸ் முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"டீ மேக்கருக்கு யாரு சொன்னாங்கன்னு சொன்னாருங்களா?"

"கம்ப்ளெயிண்ட் வந்திருக்குன்னார்."

"நான்தானுங்க சொன்னேன்."

எனக்குக் காது கேட்கவில்லையோ என்று இருந்தது.

"வெள்ளிக்கிழமை அவ கதவுகிட்ட வந்து நின்னா. சலிக்கிற மெஷின் பெல்ட்டுல அவ பாவாடை மாட்டப் பாத்துச்சு. ஒரு வெரக்கடைதான். நான் இழுத்துட்டேன். நேரா டீ மேக்கர்கிட்டப் போயி, சார், புள்ளைங்க உள்ள வராம அந்தச் சந்தை அடைச்சுப் போடுங்கன்னு நான்தான் சொன்னேன். உங்ககிட்டச் சொன்னா அவளை அடிப்பீங்கன்னு சொல்லல. அவகிட்டயும் சொல்ல மறந்துட்டேன். திங்கக்கெழம காலையில சொல்லி அனுப்பியிருக்கலாம், சந்து அடைச்சிருக்கும் கண்ணு, அங்கயே நில்லுன்னு. மறந்துட்டேன்."

"யாரு அடைச்சாங்கன்னு நீ கேக்கவே இல்லையே."

"பிட்டருன்னு நெனச்சுக்கிட்டேன். அந்த மனுசன் மொகத்துல நான் முழிக்கலைங்க. அவரு செத்தப்பகூட நான் போகல. உங்களைத் தனியா அனுப்பினேன், ஞாபகம் இருக்குதா? அவரு என்ன பாவம் பண்ணுனாரு."

ஞாபகம் இருந்தது. கால் வலி என்று சொன்னாள்.

விறகு எரிந்து சரிந்தது. அவள் நகர்ந்து வந்து கம்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எங்கே பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பனி, சூடு, ஒன்றும் அதுவரைக்கும் நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் கை நேராக அந்த இடத்துக்குத்தான் போனது.

"சூடா இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லையே. ஏன் கேக்கறீங்க?"

அப்போது சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ரோட்டுப் பக்கம்தான் நின்னுட்டிருந்தாளா? இத்தனை வருசமும்?"

நான் எழுந்து அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளினேன்.

எங்கள் வீட்டுக்கு அப்போது கேட்டு கிடையாது. வெல்டர் வீட்டுக்கு முள்வேலிதான். ஊருக்கெல்லாம் கேட்டு செய்தேன், எங்களுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். தவக்காலம் தொடங்கின வாரம் ரெஜினா சொன்னாள்.

"வாசலுக்கு ஒரு கேட்டு போடுங்க. இந்தக் கம்பியை வெச்சுப் போடுங்க."

"சரி."

"இதுக்குப் பக்கத்துல ஒரு கம்பி விட்டுப் போடுங்க."

சரி என்றேன். அப்படியே போட்டேன். கடையில் கிடந்த கம்பிகளை வைத்துச் சாதாரணக் கேட்டு. அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு கம்பி இல்லை. பக்கத்து வீட்டு ஞானராஜ் தினமும் கேட்பார். "அந்தோணி, கம்பி பத்தலையா? நான் வேணா வாங்கித் தரட்டுமா? என் கோழி பூரா உன் வாசல்லதான்யா மேயுது." மேயட்டும் என்று சொல்லிவிடுவேன். உள்ளே வருவதற்குத்தான் சந்து.

அந்த வருஷம் மழை போய், டிசம்பரில் முதல் உறைபனி விழுந்தது. காலை ஆறரைக்கு நான் எழுந்து போய்ப் பார்த்தேன். கேட்டெல்லாம் வெள்ளை. அந்தக் கம்பியும் வெள்ளை. ஒன்றும் இல்லை. மறுநாளும் ஒன்றும் இல்லை. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நிம்மதியா, என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, ரெஜினா எனக்கு முன்னால் எழுந்திருந்தாள். நான் வெளியே வந்தபோது அவள் கேட்டுக்குப் பக்கத்தில் வாசலில் நின்றிருந்தாள். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு.

கம்பியில் ஒரு சாண் இடத்தில் பனி இல்லை.

நான் தொட்டேன். சூடு கிடையாது. இரும்பு இரும்பாகத்தான் இருந்தது. இப்போதும் அப்படித்தான். அந்தப் பனிக்காலத்தில் அந்த மாதிரி ஏழெட்டு நாள் பார்த்துவிட்டோம். ஒரு நாளும் சூடு இல்லை, பனி மட்டும் பிடிப்பதில்லை. போஜன் ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போனான், அவனைக் கேட்டாலும் சொல்வான். பெர்ன்ஹில்லில் கேட்டும் கிராதியும் நிறுத்திவிட்டார்கள், அங்கேயும் நானே போய்ப் பனிக்காலத்தில் பார்த்தேன். எல்லாக் கம்பியிலும் ஒழுங்காகப் பனி பிடித்திருந்தது.

பனி பிடிக்காத நாட்களில் ரெஜினா அடுப்பை அணைப்பதில்லை. சமையல் முடிந்த பிறகும் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டுத்தான் கேரட்டுக்குப் போவாள். விறகு வீண் என்று நான் சொன்னதில்லை.

இதற்கெல்லாம் ஏதாவது காரணம் இருக்கும். இரும்பு வேறு மாதிரியாக இருக்கலாம், உள்ளே ஏதோ கலப்பு இருக்கலாம், படித்தவர்கள் சொல்வார்கள். நானும் கேட்டுக்கொள்வேன். ஒன்றுக்கு மட்டும் யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை.

பாக்டரியில் உள்ளங்கை படிந்த அகலப் பட்டை ரோட்டுப் பக்கம் இருந்தது, விரல் கோடுகள் உள்பக்கம். எங்கள் வீட்டு கேட்டில் நாலும் நாலும் எட்டுக் கோடும் ரோட்டுப் பக்கம் இருக்கிறது. அகலப் பட்டை வீட்டுப் பக்கம்.